குளுவாங்கில் பனி பெய்ததில்லை

அத்தியாயம் 11

கேட்டது சின்னக் கேள்விதான். "பாச்சிக், நீங்க ஐஸ் கம்பெனியில ஏதும் வேல பாத்தீங்களா?"

முன்னாள் ராணுவத்தினர் சமாச்சாரங்களைப் பார்க்கும் அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் அதிகாரி மலாயில் 'மாமா' என்று விளித்து மரியாதையாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டான். அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எதிரே நாற்காலி மேல் கனகராஜின் இடது கால் செருப்பில்லாமல் கிடந்தது. அதில் இரண்டு விரல் இல்லை. பனியில் உறைந்து செத்த விரல்கள், வெட்டி எடுக்கப்பட்டவை என்று மனுவில் எழுதியிருந்தது. அவருடைய ராணுவ ஓய்வுப் பத்திரத்திலோ, அந்த வருஷம் முழுக்க அவர் குளுவாங் முகாமில் இருந்ததாகப் போட்டிருந்தது. குளுவாங்கில் என்றைக்கு ஐயா பனி பெய்தது?

போன வாரம் அந்தச் சிரிப்போடுதான் நாம் அவர்களை விட்டுவிட்டு வந்தோம்.

அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் கனகராஜ் பேசாமல் கூலாயிலுள்ள வீட்டுக்குத் திரும்பியிருப்பார். முப்பது வருஷமாக அவர் பேசாமல் இருந்து பழகிய மனுஷர். லாரிப் பட்டறையில் எட்டு விரலை ஊன்றி நின்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இந்த வருஷம் சர்க்கரை ஏறி, வெட்டின இடம் புண்ணாகி, நிற்க முடியாமல் போனது. வேலையில் பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டால் ராணுவ ஆஸ்பத்திரியே அந்தக் காலைப் பார்த்துக்கொள்ளும். அதற்காகத்தான் போனார். இப்போது காலை விட அந்தச் சிரிப்புதான் அதிகமாக வலித்தது.

"நான் போஸ்னியாவுக்குப் போனேன்னு அவனுங்க எழுதாம நான் சாக மாட்டேன்" என்றார் வீட்டு வாசலில் நின்று.

"சாவுறது இருக்கட்டும். மொதல்ல கால கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள் அவர் மனைவி சந்திரமதி.

எழுதுவதாகத்தான் அதிகாரியும் சொல்லியிருந்தான். ஆனால் அதே படைப்பிரிவில், அதே வேலைக்கு, அதே பயணத்துக்கு இன்னொருவர் போனதாகப் பதிவு இருக்கிறது. ஒரு நாற்காலியில் இரண்டு பேரை உட்கார வைக்க முடியாது. அந்த இன்னொரு ஆள் வந்து, தான் போகவில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் போதும். திங்கட்கிழமைக்குள் கொண்டு வாருங்கள் என்றான்.

அந்த இன்னொரு ஆள் சந்திரமதியின் கூடப் பிறந்த அண்ணன் செல்லப்பன்.

சனிக்கிழமை காலை மகள் பிரவீனா காடியை எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வாரம் முழுக்க விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் பாலத்து நெரிசலில் நின்று உடம்பு நொந்த பெண். வாரத்தில் ஒரு நாள் தூங்கலாம் என்று நினைத்திருந்தாள்.

"ம்மா, பாலோவுக்குப் போயி மாமாவ ஏத்தி, குளுவாங்குக்குப் போயி, சத்தியம் பண்ண வச்சி... ஒரு மணிக்கு அந்த சத்தியம் பண்ற ஆபிஸ பூட்டிடுவாங்க, தெரியுமில்ல?"

"தெரியும். நீ ரோட்ட பாரு."

"மாமா ஒத்துக்குவாரா?"

"என் அண்ணன்டி. எனக்குத் தெரியாதா?"

பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த கனகராஜ் ஒரு தடவை இருமினார். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் சந்திரமதி அந்த இருமலை நன்றாகப் படித்திருந்தாள். 'தெரிஞ்சதுனாலதான் பயமா இருக்கு' என்று அதற்கு அர்த்தம்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் இரண்டு பேரும் ஒரே முகாமில் வண்டி மெக்கானிக்குகள். போஸ்னியா போகும் பட்டியலில் செல்லப்பன் பெயர் வந்தது. அவருக்கு ஆனி மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆனியை விட்டால் ஆடி. ஆடியில் தாலி கட்ட ஒருவனும் ஒத்துக்கொள்ள மாட்டான். ஆவணி வரை தள்ளலாம் என்றால் பெண்ணின் தாத்தா இழுத்துக்கொண்டு கிடந்தார். அவர் போய்விட்டால் ஒரு வருஷத் துக்கம். கல்யாணம் நகராது, விமானமும் நகராது. கடைசி வாரத்தில் அவருக்குப் பதிலாகக் கனகராஜ் போனார். மேலதிகாரியும் தலையாட்டினார்.

ஆனால் பதிவுகளை எழுதும் முகாமின் கிராணிக்கு அவசரம். அவருடைய சொந்த ஊர்க் கம்பத்திலும் யாருக்கோ கல்யாணம். லீவுக்குக் கிளம்புமுன் பட்டியலைப் பார்த்து எல்லார் ராணுவப் பதிவுப் புத்தகத்திலும் முன்கூட்டியே 'போஸ்னியா' என்று எழுதி முத்திரை குத்திவிட்டுப் போய்விட்டார். வந்து திருத்துகிறேன் என்றவர் திரும்பி வந்ததும் வேறு முகாமுக்கு மாற்றலாகிப் போனார். திருத்தல் அப்படியே நின்றது. ரெண்டு கல்யாணமும் நன்றாக நடந்தன.

பாலோவைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண் ரோட்டின் முடிவில் மாரியம்மன் கோயில். ஆடிக் கூழுக்குக் கூட்டம் நிரம்பியிருந்தது. தீம்பார் என்கிற இந்தத் தோட்டத்தை விட்டுப் போய் ஜோகூர் பாருவிலும் செனாயிலும் வேலை பார்க்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கார் நிறுத்த இடம் தேடி இங்கே வந்து சண்டை போடுவார்கள். பந்தல் வாசலில் பேனர். அமைதிப் படையின் நீலத் தொப்பி வைத்த செல்லப்பன், ஆளை விடப் பெரிதாகச் சிரித்தார். 'போஸ்னியா வீரர், ஆலயத் தலைவர் திரு. செல்லப்பன் அவர்களுக்குப் பொன்னாடை.'

"அலமாக்" என்றாள் பிரவீனா. "இன்னிக்கா?"

"நல்ல காரியத்துக்கு நாள் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சந்திரமதி இறங்கினாள்.

அண்ணனைக் கோயிலின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் பிடித்தாள். ஆசாமி வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் நீலத் தொப்பி. தொப்பி ஐந்து வருஷத்துக்கு முன் சீருடைக் கடையில் வாங்கியது.

"வாம்மா! மாப்பிள எங்க? பசியாறியாச்சா?"

"அதெல்லாம் ஆச்சு. அண்ணே, போன்ல சொன்னேன்ல. குளுவாங் வரைக்கும் வா. ஒரு கையெழுத்து."

செல்லப்பன் முகம் சுருங்கியது. இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னிக்கா? இன்னும் செத்த நேரத்துல எனக்குப் பொன்னாட போடுறாங்க. இப்பப் போயி 'நான் போகல'ன்னு கையெழுத்துப் போட்டா, போடுற துண்டு தலையில விழுமா, கழுத்துல விழுமா?"

"யாரு ஊருக்குச் சொல்லப் போறா? பேப்பரு ஆபிஸுக்குப் போவும். அவ்வளவுதான்."

"ஆபிஸு எந்தப் பேப்பர வாய மூடி வச்சிருக்கு? சந்திரா, ஒண்ணு கேக்குறேன். ஒன் புருசன் ஒரு வருசம் போனான், ரெண்டு வெரல குடுத்தான். சரி. நான் முப்பது வருசமா பேசியிருக்கேன். ஸ்கூல்ல பேசுனேன், கோயில்ல பேசுனேன், எழவு வீட்டுல கூடப் பேசுனேன். என் தொண்டையே போச்சு. எனக்கு ஒண்ணுமே இல்லியா?"

 சந்திரமதிக்குக் கோபத்தை விடச் சிரிப்புதான் முதலில் முட்டியது. அதை அடக்கிக்கொண்டாள்.

"அவரு கால்ல சீழ் வைக்குதுண்ணே."

செல்லப்பன் குனிந்து வேட்டி ஓரத்தைச் சரிசெய்தார். "அடுத்த வாரம் பாக்கலாம் லா."

"திங்கக்கிழமதான் கடைசி."

அதற்குள் ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். தூண்டிலில் இருந்து தப்பின மீன் மாதிரி ஓடினார்.

மேடையில் அவர் வேறு ஆள். தோள் விரிந்தது, குரல் கனத்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கனகராஜைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. எப்போதும் அப்படித்தான். கனகராஜ் இருக்கும் கூட்டத்தில் செல்லப்பன் இன்னும் நன்றாகப் பேசுவார்.

"நாங்க இருந்த ஊரு மலைக்கு நடுவுல. பக்கத்துல ஆறு. ஊரு பேரு... மாப்பிள, என்னா ஊரு அது?"

"கோன்யிட்ஸ்" என்றார் கனகராஜ், பழக்க தோஷத்தில்.

"கோன்யிட்ஸ்! குளிரு எப்படின்னு கேக்குறீங்களா? டீய ஊத்துனா கோப்பைக்கு வர்றதுக்குள்ள கட்டியாயிரும்!"

"டீ இல்ல. டீசல்."

"டீசல்! டீசலே கட்டியாயிரும்! லாரிக்கு அடியில நெருப்ப போட்டு உருக்குவோம்!"

"ப்பா" என்று பல்லைக் கடித்தாள் பிரவீனா. "நீங்க ஏன் எடுத்துக் குடுக்குறீங்க?"

"தப்பா சொல்றாரு. கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

சந்திரமதி தலையில் அடித்துக்கொண்டாள். தன் கதையை இன்னொருவன் திருடுவதைப் பார்த்துக்கொண்டு, திருட்டில் பிழை வராமல் காவல் காக்கிற மனுஷனை ஜோகூர் முழுக்கத் தேடினாலும் இன்னொரு ஆள் கிடைக்காது.

அதோடு நிறுத்தியிருந்தால் செல்லப்பன் பிழைத்திருப்பார். ஆனால் கழுத்தில் பொன்னாடை விழுந்தது, கூட்டம் கைதட்டியது, அவருக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. இதுவரை எந்த மேடையிலும் சொல்லாத ஒன்றை எடுத்துவிட்டார்.

"ஒரு வேதனைய சொல்றேன் கேளுங்க. தொண்ணூத்தி நாலு, ஆனி மாசம் எனக்குக் கல்யாணம். தாலி கட்டி மூணாவது நாளு கெளம்பிட்டேன். மஞ்சக் கயிறு ஈரம் காயல! ஒரு வருசத்துக்கு மேல என் பொண்டாட்டி மொகத்தையே நான் பாக்கல. நாட்டுக்காக!"

ஆண்கள் பக்கம் பலத்த கைதட்டல். இரண்டொருவர் கண்ணைத் துடைத்தார்கள்.

பெண்கள் பக்கம், கூழ் அண்டாவைச் சுற்றி, ஒரு கையும் தட்டவில்லை.

செல்லப்பனின் மனைவி யோகேஸ்வரிதான் அகப்பையோடு கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே ஏனத்தை நீட்டிக்கொண்டு நின்றவள் பேச்சியம்மாள். அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டின கை. இப்போது வேலை இல்லை, ஆனால் கணக்குப் போடுகிற மூளை அப்படியே இருந்தது.

"யோகேசு, ஒன் மூத்தவ மலரு வைகாசி விசாகத்துல பொறந்தவதானே? போன வைகாசியிலதானே முப்பது முடிஞ்சிதுன்னு அன்னதானம் போட்டீங்க?"

"ஆமா."

பேச்சியம்மாள் கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட ஆரம்பித்தாள். "ஆடி ஒண்ணு. ஆவணி ரெண்டு. பொரட்டாசி..." சுற்றி நின்ற பெண்களின் உதடுகளும் கூடவே அசைந்தன. பங்குனியில் எல்லாரும் நிறுத்தினார்கள். பேச்சியம்மாள் மட்டும் நிறுத்தவில்லை. "சித்திர பத்து. வைகாசி பதினொண்ணு." அண்ணாந்து பார்த்தாள். "ஏன்டி, யானைக்குத்தானே அவ்வளவு மாசம்?"

யாரோ புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த மலர் நிமிர்ந்தாள். குளுவாங்கில் தாதியாக வேலை பார்க்கிறவள். பிரசவ வார்டு. அவளுக்கு யாரும் விரல் விட்டுச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ம்மா?" என்றாள். அந்த ஒரு சொல்தான்.

யோகேஸ்வரி அகப்பையை அண்டாவில் போட்டாள். மறுபடி எடுத்துக்கொண்டாள். அதோடு மேடையின் பின்பக்கம் நடந்தாள். சந்திரமதி பின்னால் ஓடினாள். ஓடுகிற வேகத்தில் கனகராஜின் சட்டையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

செல்லப்பன் பொன்னாடையோடு படியிறங்கி வந்தார். "எப்படி பேச்சு?"

"யாரு?" என்றாள் யோகேஸ்வரி.

"என்னா யாரு?"

"நீங்க மூணாம் நாளு கெளம்பிட்டீங்க. ஒரு வருசத்துக்கு மொகமே பாக்கல. மைக்குல சொன்னீங்க. அப்ப மலருக்கு அப்பன் யாரு? அந்தக் கெழவி விரல் விட்டு எண்ணுறா. நான் கூழ் ஊத்துறதா, கொளத்துல விழுறதா?"

 செல்லப்பன் பின்னாலேயே வந்து நின்ற மலரைப் பார்த்தார். அவருடைய மூக்கு, அவருடைய நெற்றி, அவருடைய கோபம்.

"அட, சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கா? முப்பது வருசமா நீங்க பேசுனத எல்லாம் கேட்டுக்கிட்டு நின்னேன். போவட்டும், பனியோட போவுது, லாரியோட போவுதுன்னு விட்டேன். இன்னிக்கு என் வயித்து வரைக்கும் வந்துட்டீங்க." அகப்பையிலிருந்து கூழ் சொட்டி அவருடைய வேட்டியில் விழுந்தது. "ஒண்ணு நீங்க போஸ்னியாவுல இருந்தீங்க, இல்ல என்கூட குளுவாங்குல இருந்தீங்க. எது? இங்கயே சொல்லுங்க."

வழக்கம் போல் செல்லப்பன் கனகராஜைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள, என்னா சொல்றது?"

"இதுக்கு நான் எடுத்துக் குடுக்க மாட்டேன் மச்சான்" என்றார் கனகராஜ்.

பந்தலின் ஓலைக்குப் பின்னால் மூச்சு விடாமல் நிற்கும் பெண்களின் நிழல் தெரிந்தது. செல்லப்பன் தொப்பியைக் கழற்றினார்.

"நான் போகலடி. குளுவாங்குலதான் இருந்தேன்."

"சத்தமா."

"குளுவாங்குலதான் இருந்தேன்!"

ஓலைக்குப் பின்னால் பேச்சியம்மாளின் குரல்: "ஆங், அப்ப கணக்கு சரி." கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் சொன்னது மைக்கில் சொன்னதை விட வேகமாகப் போகும். அவர்கள் காரை எட்டுவதற்குள் ஆண்கள் பக்கம் சலசலப்பு தொடங்கிவிட்டது. பேனரை இப்போதே அவிழ்ப்பதா, சாயங்காலம் அவிழ்ப்பதா என்று யாரோ கேட்டார்கள்.

குளுவாங்குக்குக் காடி பறந்தது. பிரவீனாவுக்குப் பக்கத்தில் சந்திரமதி. பின்னால் கனகராஜ், நடுவில் செல்லப்பன், அந்தப் பக்கம் யோகேஸ்வரி. தப்பி இறங்கிவிடக் கூடாது என்று அவளேதான் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். பொன்னாடையைக் கழற்ற யாருக்கும் நினைவில்லை.

 கொஞ்ச தூரம் போனதும் செல்லப்பன்தான் ஆரம்பித்தார்.

"மாப்பிள. அந்த வருசம் குளுவாங்குல நான் என்னா செஞ்சேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் அங்க இல்லியே."

"எனக்கும் ஞாபகம் இல்ல. ஊருல கேப்பாங்க. ஒரு கத வேணும்ல?"

"சமையல்கட்டு லாரிக்கு பிரேக்கு மாத்துனீங்க" என்றாள் யோகேஸ்வரி. "வாரத்துக்கு நாலு நாளு வீட்டுக்கு வந்து தூங்குனீங்க. அதான் கத."

"அத மேடையில சொல்ல முடியாது" என்றார் செல்லப்பன் உண்மையான வருத்தத்தோடு. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே ஓடும் செம்பனையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "மாப்பிள, ஒண்ணு சொன்னா நம்பணும். கண்ண மூடுனா எனக்குப் பனி தெரியுது. அந்த மலை, அந்தப் பாலம், நீ லாரிக்கு அடியில கெடந்த அந்த ராத்திரி. எல்லாம் தெரியுது. நான் அங்க இருந்த மாதிரியே இருக்கு."

"அது என் பனி மச்சான்" என்றார் கனகராஜ். "என் கால்ல விழுந்தது. ஒங்க கண்ணுல ஏன் விழுது?"

 பிரவீனா கண்ணாடியில் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

சத்தியப் பிரமாண ஆணையர் சுகுமாறனின் அலுவலகம் பழைய கடைவரிசையில், முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அவர் பாதிக் கதவை இழுத்துவிட்டு, மீதியைச் சாத்தப் போகும் நேரத்தில் பிரவீனா படியில் ஏறிக் கதவுக்கு நடுவே காலை வைத்தாள். பின்னாலேயே ஒரு தொப்பி, ஒரு பொன்னாடை, ஒரு நொண்டல், கூழ் வாசனை அடிக்கும் இரண்டு பெண்கள்.

"கல்யாணப் பதிவு இங்க இல்லைங்க" என்றார் சுகுமாறன்.

"கல்யாணம் எல்லாம் ஆயிருச்சு சார். அதான் பிரச்சினையே" என்றாள் சந்திரமதி.

விஷயத்தைக் கேட்டதும் அவர் கதவை உள்பக்கம் பூட்டிவிட்டு உட்கார்ந்தார். பசி மறந்துபோன முகம். கணினியில் மலாயில் அடிக்க அடிக்க, தமிழில் வாசித்துக் காட்டினார். இன்னார் ஆகிய நான், இன்ன ஆண்டு போஸ்னியாவுக்குச் செல்லவில்லை. எனக்குப் பதிலாகச் சென்றவர் கனகராஜ். என் புத்தகத்தில் உள்ளது தவறான பதிவு.

ஒவ்வொரு வரிக்கும் செல்லப்பன், பல் பிடுங்குகிறவர் முன் உட்கார்ந்தவர் மாதிரி கைப்பிடியை இறுக்கினார். ஆனால் 'சரி' என்றார். ஒவ்வொரு 'சரி'க்கும் கனகராஜின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. சந்திரமதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அந்தப் பையன் முன்னால் இந்தக் காகிதத்தை வைத்துவிட்டு, 'இப்ப சிரி தம்பி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகையும் பார்த்துவிட்டாள்.

"கடைசியா ஒரு வரி" என்றார் சுகுமாறன். "ஆளு மாறிப் போயிருக்கீங்க. ஆபிஸ்ல கண்டிப்பா கேப்பாங்க. பதிலுக்கு எதாச்சும் கை மாறிச்சா? அதனால, 'இதற்காக ஒருவருக்கொருவர் எதுவும் கொடுக்கவோ பெறவோ இல்லை'ன்னு ஒரு வரி போட்டுரலாம். சரிதானே?"

"சரி சரி, போடுங்க" என்றார் செல்லப்பன், இதுவரை இல்லாத வேகத்தில்.

"போடாதீங்க" என்றார் கனகராஜ்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"யோவ் மாப்பிள!"

"பொய் எழுதுன பேப்பரு ஒண்ணு ஏற்கெனவே இருக்கு மச்சான். அத திருத்தத்தான் வந்திருக்கேன். இன்னொரு பொய்யில என்னால சத்தியம் பண்ண முடியாது."

"சத்தியம் பண்றது நான்யா! நீ கம்முனு இரு!"

"அப்ப எதோ வாங்கியிருக்கீங்க" என்றார் சுகுமாறன், விசைப்பலகை மேல் விரலை நிறுத்தி. "என்னான்னு சொல்லுங்க. அதையே எழுதிருவோம். என்னா குடுத்தாரு ஒங்களுக்கு?"

  கனகராஜும் செல்லப்பனும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிச் சந்திரமதியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் குனிந்துகொண்டார்கள்.

சந்திரமதி முதலில் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். சுவரில் ஒரு நாட்காட்டிதான் தொங்கியது.

"என்னா?" என்றாள். "ஏன் ரெண்டு பேரும் என்னைப் பாக்குறீங்க?"

யோகேஸ்வரி மெதுவாகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரவீனா, "அலமாக்" என்றாள், சத்தமே வராமல்.

போஸ்னியாவிலிருந்து திரும்பிய கனகராஜ் நொண்டிக்கொண்டே தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதும், ஒரு பெட்டி சாக்லேட்டை நீட்டியதும், யாருடைய சிபாரிசும் இல்லாமல் அப்பாவிடம் நேராகப் பெண் கேட்டதும், அண்ணன் முறைப்புக் காட்டிவிட்டு அன்றைக்கே சட்டென்று ஒத்துக்கொண்டதும் சந்திரமதியின் கண் முன்னால் வந்தன. அண்ணனுக்கு எத்தனை நல்ல மனசு என்று அன்று நினைத்தாள். தன்னைப் பார்த்துத்தான் இந்த ஆள் வந்தார் என்று இத்தனை வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தாள். மகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

"சந்திரா" என்றார் கனகராஜ். "வீட்டுல போயி பேசலாம்."

சுகுமாறன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி ஆவுதுங்க. வரி போடவா, வேணாமா? நான் முத்திர குத்தணும்."

அவர் முத்திரைக் கட்டையை எடுக்கக் கை நீட்டினார். அதற்கு முன் சந்திரமதியின் கை அதன் மேல் விழுந்தது. காலையிலிருந்து இந்த முத்திரைக்காக அண்ணனைத் துரத்தி, அண்ணியின் பின்னால் ஓடி, மகளை விரட்டி வந்தவள் அவள்தான். இப்போது அவளே அதைத் தன் பக்கம் இழுத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"குத்தலாம் சார்" என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்ல. திங்கக்கிழம வரைக்கும் நேரம் இருக்கு." கணவன் பக்கம் திரும்பினாள். "மொதல்ல என்னைய என்னா வெலைக்குப் பேசுனீங்க, அத ரெண்டு பேரும் என் மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க."